தலைவி வீட்டு அரிசி டப்பா

தர்மபுரம், கிளிநொச்சி
2025 ஒக்டோபர் 4

அன்புள்ள மதினிக்கு,

ஜெசிந்தினி எழுதுகிறேன். இங்கே நானும் பிள்ளைகளும் ஆண்டவர் தயவில் சுகம். முழங்காலுக்கு மட்டும் சுகமில்லை. அதை விசாரித்து எழுத வேண்டாம், விசாரித்தால் அதற்குச் செல்லம் கூடிவிடும். உங்கள் சுகம் எப்படி? போனில் கேட்டால் "ஆ? ஆ?" என்கிறீர்கள். நான் கத்துகிற கத்தலுக்குப் பக்கத்து வளவு நாய் குரைக்கிறது. காது போன உங்களுக்கும் கால் போன எனக்கும் இனித் தபால்காரர்தான் கதி.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஓகஸ்ட் மாதா திருநாளோடு நம் தேயிலைத் தோட்டத்து மேக்கணக்குக் கோயில் மாதர் சங்கத்துக்கு எழுபத்தைந்து வயதாகிறதாம். "விழா மலர் போடப் போகிறோம், வரலாற்றை நீங்கள்தான் எழுத வேண்டும் டீச்சர்" என்று செயலாளர் ரொஷானி என்னைக் கேட்டிருக்கிறாள். அம்மா தலைவியாக இருந்த சங்கம். அம்மாவுக்குப் பிறகு அவர் மருமகள் நீங்கள் தலைவி. மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் நான் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து நாற்பது வருடமாகிவிட்டது. நான் பார்த்ததெல்லாம் சின்னப் பிள்ளையாக எட்டிப் பார்த்ததுதான். அரிசி டப்பா வழக்கத்தை நீங்களே எழுதுங்கள். வெளியூர்க்காரர் வாசித்தாலும் விளங்க வேண்டும்.

மகன் றிச்சர்ட் கொழும்பிலிருந்து ஒழுங்காகச் செலவுக்கு அனுப்புகிறானா? லூக்காஸ் அண்ணன் இருந்திருந்தால் இதை நான் கேட்க வேண்டி வந்திருக்காது.

உங்கள் நாத்தனார்,
ஜெசி

*

மேக்கணக்கு லயம், நமுனுகுல
2025 ஒக்டோபர் 23

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஜெசி,

உன் கடிதம் கிடைத்து இரண்டு தடவை வாசித்தேன். நான் நல்ல சுகம். இங்கே மழையும் பனியும் மாறி மாறி வருகின்றன. நமுனுகுல மலை ஒரு வாரமாக முகம் காட்டவில்லை.

நீ கேட்டதை எழுதுகிறேன். எங்கள் லயங்களில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகளில், கோயிலுக்குப் போகிற வீடானாலும் மாரியம்மனுக்குப் போகிற வீடானாலும் அடுப்பங்கரையில் மூடி போட்ட ஒரு தகர டப்பா இருக்கும். சோற்றுக்கு அரிசி போடும்போது ஒரு பிடி அதில் போட வேண்டும். சனிக்கிழமை சாயந்தரம் சங்கத்துப் பெண்கள் கொழுந்துக் கூடையோடு வருவார்கள். டப்பாவைத் துணியால் கட்டிக் கொடுத்துவிட வேண்டும். சாமியார் பூசை உடுப்பு மாற்றுகிற அறையில் எல்லாவற்றையும் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தலைவி மட்டும் திறப்பாள். அரிசி இருந்தால் பெரிய பீப்பாவில் கொட்டுவாள். காலியாக வந்த டப்பா என்றால் அந்த வீட்டில் கஷ்டம் என்று அர்த்தம். அதை நிரப்புவாள். பிறகு எல்லாவற்றையும் பழையபடி கட்டி, ஞாயிறு பூசை முடிந்ததும் வீடு வீடாகத் திருப்பிக் கொடுப்போம். கொடுத்த வீட்டுக்குக் காலி டப்பா போகும், இல்லாத வீட்டுக்கு நிறைந்த டப்பா போகும். வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுதான். காலி டப்பாவையும் கனமானதைப் போல இரண்டு கையாலும் பிடித்துத்தான் நீட்ட வேண்டும். யார் வாங்கினார்கள் என்பது தலைவியோடு மண்ணுக்குப் போகும்.

வேதக்காரருக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்று யாரோ ஒருத்தி ஒரு கூட்டத்தில் கேட்டாளாம். உன் அம்மா, "ஏன், அரிசிக்கும் ஞானஸ்நானம் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தாராம். இதைக் கட்டாயம் எழுது.

றிச்சர்டுக்கு ஒரு குறையும் இல்லை. அவன் வேலை செய்கிற ஹோட்டலில் மூன்று வேளையும் நல்ல சாப்பாடாம். உன் காலைப் பார்த்துக்கொள்.

மதினி பவுலினா

*

தர்மபுரம்
2025 நவம்பர் 12

அன்புள்ள மதினிக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதத்தைப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டினேன். காலி டப்பாவை இரண்டு கையால் நீட்டுகிற இடத்தில் மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்னும் இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, எழுபத்து நாலாம் வருடப் பஞ்சம். தோட்டங்களில் ரேசன் குறைந்து சனங்கள் செத்த காலம். எனக்கு அப்போது பத்து வயது. பசித்தது ஞாபகம் இருக்கிறது, சங்கம் என்ன செய்தது என்று தெரியவில்லை. அம்மா உங்களிடம் சொல்லியிருப்பார்.

மற்றது, என்னிடம் வெள்ளி விழாப் படம் ஒன்று இருக்கிறது. அம்மாவுக்குப் பக்கத்தில் செசிலியா அக்கா உட்கார்ந்திருக்கிறார். அம்மாவின் பெயருக்குக் கீழே 'தலைவி' என்றும் செசிலியா அக்காவின் பெயருக்குக் கீழே 'துணை' என்றும் போட்டிருக்கிறது. தலைவி மட்டும்தான் டப்பா திறப்பாள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கதவு இடுக்கால் நான் பார்த்திருக்கிறேன். செசிலியா அக்காவும் உள்ளே இருப்பார். ஒரு நேரம் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பார். துணைக்கு என்ன வேலை? அம்மா ஏன் திரும்பி நின்றார்?

தபாலில் கொஞ்சம் காசு அனுப்பியிருக்கிறேன். குளிருக்கு ஒரு நல்ல கம்பளிச் சட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜெசி

*

மேக்கணக்கு லயம்
2025 டிசம்பர் 20

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஜெசி,

பதில் பிந்திவிட்டது. நவம்பர் கடைசியில் பெய்த மழையை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். கீழ் லயத்துக்குப் பின்னால் மலை சரிந்து வந்துவிட்டது. சனங்களை முதல் நாளே பள்ளிக்கூடத்துக்கு ஏற்றியபடியால் எங்கள் தோட்டத்தில் உயிர்ச் சேதம் இல்லை. பாதை உடைந்து பதுளைக்கு பஸ் இல்லாமல் கிடந்தோம். என் மரக்கறிப் பாத்தி இருந்த இடத்தில் இப்போது ஒரு பாறை உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் லயம் தப்பியது, ஆகவே நாங்கள் கொடுக்கிற பக்கம்.

நீ அனுப்பிய காசுக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி. அரிசியாக வாங்கிப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். எனக்கு உன் அண்ணனுடைய பழைய கோட் இருக்கிறது.

எழுபத்து நாலில் நான் பூனாகலையில் இருந்தேன், கல்யாணம் ஆகவில்லை. மாமி சொன்னதைத்தான் எழுதுகிறேன். ஒரு சனிக்கிழமை எல்லா டப்பாவையும் திறந்தாராம். ஒன்றில்கூட அரிசி இல்லை. பீப்பாவும் காலி. என்ன செய்வது? எல்லாவற்றையும் திரும்பக் கட்டி, மறுநாள் வீடு வீடாக இரண்டு கையாலும் கொடுத்தார்களாம். ஒரு வீட்டிலாவது "என்னங்க, காலியா இருக்கு" என்று கேட்கவில்லையாம். அடுத்த சனிக்கிழமையும் போனார்களாம். டப்பா எடுக்கப் போகாவிட்டால் சங்கம் செத்துவிட்டது என்று சனங்கள் நினைப்பார்கள், அதற்காகவாவது நடப்போம் என்றாராம் மாமி.

செசிலியா அக்கா செத்து இரண்டு வருடமாகிவிட்டது. நல்ல மனுஷி. பாடல் குழுவில் அவர் குரல்தான் முதலில் எழும்பும்.

பிறக்கும் வருடம் உனக்கு ஆசீர்வாதமாக இருக்கட்டும்.

மதினி பவுலினா

*

தர்மபுரம்
2026 ஜனவரி 15

அன்புள்ள மதினிக்கு,

சுகம் விசாரித்து எழுதவே பயமாக இருக்கிறது. எதைக் கேட்டாலும் நல்ல சுகம் என்றுதான் எழுதப்போகிறீர்கள்.

றிச்சர்ட் நேற்று எனக்குப் போன் எடுத்தான். ஹோட்டலில் ஆட்குறைப்பு, போன ஜூன் மாதமே அவனுக்கு வேலை போய்விட்டதாம். கட்டட வேலைக்குக் கூப்பிட்ட நாள் போகிறானாம். "அத்தே, அம்மாவுக்கு ஒண்ணுமே அனுப்ப முடியல. கடிதம் எழுதவும் வெக்கமா இருக்கு. அம்மா எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க" என்று அழுதான். மூன்று வேளை நல்ல சாப்பாடு என்று ஒக்டோபரில் எனக்கு எழுதினீர்களே.

மதினி, உங்களுக்கு இப்போது வருமானம் என்ன? கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போவதையும் முழங்கை வலியால் விட்டுவிட்டீர்கள். மரக்கறிப் பாத்தியும் இல்லை. என்ன சாப்பிடுகிறீர்கள்? நான் காசு அனுப்பினால் அதைச் சங்கத்தில் போட்டு எனக்கு நன்றியும் எழுதுகிறீர்கள். கோபம்தான் வருகிறது.

இங்கே வந்துவிடுங்கள். வராவிட்டால் இதற்காவது பதில் எழுதுங்கள். துணை என்ன செய்வாள்? இரண்டு தடவை தப்பிவிட்டீர்கள்.

ஜெசி

*

மேக்கணக்கு லயம்
2026 பெப்ரவரி 27

ஜெசிக்கு,

சுகம்.

தவக்காலம் தொடங்கிவிட்டது. இந்த முறை விபூதிப் புதன் மட்டுமில்லை, எல்லா நாளும் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி பிடிக்கிறேன். கீழ் லயத்துச் சனங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று சங்கத்தில் சொல்லியிருக்கிறேன். என்னைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் பிடிக்கிறார்கள். வயிற்றைப் பட்டினி போட்டால் மனசு சுத்தமாகும் என்று சாமியார் போன ஞாயிறு பிரசங்கம் வைத்தார்.

உன்னைச் சங்கத்தின் வரலாறு எழுதச் சொன்னோம். என் அடுப்பு சங்கத்தின் வரலாறு இல்லை. றிச்சர்ட் ஆம்பிளைப் பிள்ளை, சமாளித்துக்கொள்வான். அவனைத் திட்டாதே.

பவுலினா

*

தர்மபுரம்
2026 மார்ச் 12

அன்புள்ள மகள் ரொஷானிக்கு,

நீயும் வீட்டுக்காரரும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உன்னோடு போனில் பேசலாம். ஆனால் நீ பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு பேசுவாய், எனக்கு அது சரிவராது. இதைத் தனியாக இருந்து வாசி.

வரலாற்றுக்காக ஒரு விவரம் வேண்டும். முன்பு சங்கத்தில் 'துணை' என்று ஒருவர் இருந்தார். கடைசியாக இருந்தவர் செசிலியா அக்கா. துணைக்கு என்ன வேலை என்று வயதான உறுப்பினர் யாரிடமாவது கேட்டு எழுது. தலைவியிடம் கேட்காதே.

இன்னுமொன்று. மதினி எப்படி இருக்கிறார்? அவர் சொல்வதை எழுதாமல் உன் கண்ணில் பட்டதை எழுது.

ஜெசிந்தினி டீச்சர்

*

மேக்கணக்கு, நமுனுகுல
2026 ஏப்ரல் 9

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். நாங்கள் சுகம். நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில் ஒன்றாகிவிட்டது. எப்படி எழுதுவதென்று தெரியாமல் மூன்று தாள் கிழித்துப் போட்டேன்.

பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில் பவுலினாம்மா மயங்கி விழுந்துவிட்டார். தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். கூட்டமே கண்கலங்கி நின்றது. "இப்படி ஒருசந்தி பிடிக்க யாரால முடியும், புனிதவதிதான்" என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டீச்சர், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற இராக்கம்மா அக்கா வாசலில் நின்றார். அவர் மாரியம்மன் கோயில்காரர், யாருக்கும் பயப்பட மாட்டார். என் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "ஏம்மா, ஒங்க தவக்காலம் எப்போ தொடங்குச்சு?" என்றார். பெப்ரவரியில் என்றேன். "அப்ப கார்த்திகையில இருந்து இந்த வீட்டு அடுப்புல ஒழுங்காப் பொகை வரலியே, அது எந்தக் காலம்? நான் சோறு கொண்டுபோனா இப்பத்தான் சாப்பிட்டேங்கிறாங்க. எங்க சாமிகூட இத்தனை நாளு பட்டினி கேக்காது" என்றார்.

துணையைப் பற்றி என் மாமியாரிடம் கேட்டேன். தலைவி தன் வீட்டு டப்பாவைத் தானே திறக்கக்கூடாதாம். அதை மட்டும் துணை திறப்பாராம். அந்த நேரம் தலைவி சுவரைப் பார்த்து நிற்க வேண்டுமாம். துணைக்கு வேறு வேலையே கிடையாதாம். செசிலியாம்மா செத்த பிறகு யாரையும் போடவில்லை. கேட்டபோதெல்லாம் பவுலினாம்மா, பார்த்துப் போடுவோம் என்று சொல்லிவிட்டார். தன் டப்பாவையும் தானே திறந்துகொண்டார்.

இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் டப்பாவை நான்தான் கூடையில் வைத்து எடுத்துப் போனேன். பாரமில்லாமல் இருந்த நாள்களும் உண்டு. தலைவி வீட்டு டப்பாதானே என்று யோசிக்கவே இல்லை. இப்போது போய் அரிசி கொடுத்தால் முகத்தில் எறிவார். என்ன செய்யட்டும்?

தங்கள் கீழ்ப்படிவுள்ள,
ரொஷானி

*

தர்மபுரம்
2026 ஏப்ரல் 16

அன்புள்ள மகளே,

உன் கடிதம் கிடைத்தது. அழாதே. எல்லோருடைய கஷ்டத்தையும் தெரிந்து வைத்திருந்தவர் தன்னுடையதை மறைக்கவும் தெரிந்துகொண்டார். உன்மேல் பிழை இல்லை.

அரிசியைத் தனியாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம், அது அவரைக் கொன்றுவிடும். நான் எழுதிய வரலாற்றின் முதல் பகுதியை இதோடு வைத்திருக்கிறேன். துணையின் வேலை என்ன என்பது ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் இதைச் சத்தமாக வாசி. மதினியின் வலது காதில் கொஞ்சம் கேட்கும், அந்தப் பக்கம் நின்று வாசி. பிறகு யாரும் எதுவும் பேசத் தேவையில்லை. துணையைத் தெரிவு செய்யுங்கள், அவ்வளவுதான்.

அவர் என்னைத் திட்டி எழுதுவார். எழுதட்டும். எழுதாமல் விட்டால்தான் எனக்குப் பயம்.

டீச்சர்

*

மேக்கணக்கு லயம்
2026 மே 24

சேசு மரி சூசை துணை

ஜெசி,

இவ்வளவு நாள் உனக்கு எழுதக்கூடாது என்றிருந்தேன். இன்று எழுதுகிறேன்.

ரொஷானி என் காதுப் பக்கம் வந்து நின்று கோயில் அதிர வாசித்தாள். ஐந்தாம் பக்கம் வந்ததும் எனக்கு விளங்கிவிட்டது, இது உன் வேலை என்று. தலை நிமிர்ந்து பார்த்தேன். ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியாவது பாவம் என்று பார்த்திருந்தால் எழும்பிப் போயிருப்பேன், பிறகு கோயில் படி ஏறியிருக்க மாட்டேன். ரொஷானியையே துணையாகப் போட்டார்கள். தலைவி என்று நான்தான் கையெழுத்து வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை கடன் வாங்கி என் டப்பாவில் அரிசி போட்டு அனுப்பினேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். வீம்பு. நேற்றுக் கடன் கேட்கவும் ஒரு வீடு மிச்சமில்லை. காலி டப்பாவைக் கட்டிக் கொடுத்தேன். முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினேன்.

எல்லா டப்பாவும் முடிந்த பிறகு ரொஷானி என் முழங்கையைத் தொட்டு, "தலைவியம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். திரும்பினேன். காது கேட்கிறவர்களுக்கு அரிசி விழுகிற சத்தம் கேட்டிருக்கும். எனக்கு அதுவும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே அழுதேன் ஜெசி. மாமியும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று நினைத்தேன்.

இன்று பூசை முடிந்து ரொஷானி வந்தாள். மற்ற வீடுகளுக்குக் கொடுக்கிற மாதிரியே இரண்டு கையாலும் நீட்டினாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. நான்தான் அப்படிப் பழக்கினேன். "தோத்திரம் தலைவியம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டாள்.

நான் டப்பாவைத் திறக்காமல் அடுப்படியில் உட்கார்ந்து உன்னைத் திட்டினேன். உனக்குப் படிப்பு இருக்கிறதென்று என் வீட்டுக்குள் கை விடுவாயா, உன் அண்ணன் இருந்தால் இப்படிச் செய்திருப்பாயா என்றெல்லாம் சத்தமாகவே திட்டினேன். இராக்கம்மா எட்டிப் பார்த்து, "யாரைத் திட்டுறீங்க?" என்றாள். என் நாத்தனாரை என்றேன். "நல்லாத் திட்டுங்க. திட்டிக்கிட்டே ஒலைய வைங்க" என்று சொல்லி, குனிந்து அடுப்பை அவளே மூட்டிவிட்டுப் போனாள்.

உலை கொதித்தது. டப்பாவைத் திறந்தேன். எத்தனையோ வருடம் நான் நிரப்பி அனுப்பியிருக்கிறேன், இப்படி வீட்டுக்குள் திறந்து பார்த்தது இல்லை. அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து ஒதுக்கி வைத்தேன், கை தானாகப் போயிற்று. என்னிடம் வாங்கினவர்களும் இப்படித்தான் முதல் பிடியை எனக்குத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். நான் அதைக் கொடுக்கிறவர்களின் அரிசி என்று நினைத்துப் பீப்பாவில் கொட்டினேன்.

வாங்கினவர் பெயரைச் சொல்லக்கூடாது என்பது சட்டம். மற்றவர் பெயரைத்தான் சொல்லக்கூடாது. என் பெயரை நான் சொல்லலாம். மலரில் இந்த வருடத்துப் பக்கத்தில் எழுது, தலைவி பவுலினா வீட்டுக்குச் சங்கம் அரிசி கொடுத்தது என்று. றிச்சர்டுக்கும் வாசித்துக் காட்டு. வெட்கப்படாமல் அவனை வரச் சொல்.

மத்தியானம் சாப்பிட்டேன், ஜெசி. இரவுக்கும் இருக்கிறது.

உன் மதினி,
பவுலினா